சுவர்த்தாளுக்குப் பின்னால் இருப்பது என்ன?

பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மறுவிற்பனைக்கு வந்த வீட்டை நாங்கள் வாங்கியபோது, எல்லாருக்கும் மிகவும் பிடித்துப்போனது அதன் சிறிய படுக்கையறைதான். அதன் ஒரு சுவர் முழுவதும் இளம் பச்சை நிறத்தில் மூங்கில் இலைகள் அச்சிட்ட தாள் ஒட்டப்பட்டிருந்தது. கும்பகோணத்தில் தனியே இருந்த தந்தையாரை அழைத்து வந்து அந்த அறையில் தங்கவைப்பது என்று முடிவு செய்தோம். அவருக்கு இளைப்பு உண்டு. ஆகவே அவர் வருமுன் அறையைப் புதுப்பித்துவிட நினைத்தோம்.

பெயின்டர் வந்து பார்த்தார். "வால்பேப்பரை ஏன் சார் கிழிக்கணும்? மேலேயே ரெண்டு கோட் அடிச்சா முடிஞ்சது. ரெண்டு நாள் வேலை" என்றார். செலவும் குறைவு, நாளும் குறைவு. ஏறத்தாழ ஒப்புக்கொண்டுவிட்டோம். கட்டிலை நகர்த்தியபோது, தரையை ஒட்டிய மூலையில் தாள் சற்றே உப்பியிருந்ததைத் துணைவியார் கவனித்தார். விரலால் மெல்லத் தூக்கியதும் ஒரு சாண் அகலத்துக்குத் தாள் தானாகவே கழன்று வந்தது. பின்னால் சுவர் கறுத்திருந்தது. ஈர மண்ணின் வாடை வீசியது.

வங்கிப் பணியில் எத்தனையோ வீடுகளின் மதிப்பீட்டு அறிக்கைகளைப் படித்துக் கையெழுத்திட்ட நாங்கள், சொந்த வீட்டின் ஒரு சுவரைத் தொட்டுப் பார்க்காமல் வாங்கியிருக்கிறோம் என்பதை அன்று உணர்ந்தோம். அந்த அனுபவத்தில் கற்றவற்றையும், அதன் பிறகு கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாள் ஒட்டும் வழக்கம் வந்த வழி

சுவரில் தாள் ஒட்டுவது நம் மரபன்று. நம் முன்னோர் சுண்ணாம்புச் சாந்து பூசி, ஆண்டுதோறும் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வெள்ளையடித்தார்கள். 1898ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பிறகு விரிவடைந்த பசவனகுடி, மல்லேசுவரம் பகுதிகளின் பழைய வீடுகளிலும் சுண்ணாம்புச் சுவர்களையே காண்கிறோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் அதைக் காற்றில் விட்டுவிடும். ஆகவே ஓதம் ஏறினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும், காலப்போக்கில் காய்ந்தும்விடும்.

சுவர்த்தாளின் வரலாற்றில் நம் நாட்டின் பெயருக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. சீனத்தில் கையால் வரைந்த சுவர்த்தாள்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் இங்கிலாந்துக்குச் சென்றன. கம்பெனியின் பெயரை ஒட்டி அங்குள்ளோர் அவற்றை 'இந்தியத் தாள்' என்றே அழைத்தார்கள். இந்தியாவிலோ, நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளில் தாள் பரவலானது அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய பிறகுதான். 10, 15 ஆண்டுகளுக்கு முன் ஆசையாக ஒட்டிய தாள்கள் இப்போது நிறம் மங்கி, ஓரம் கழன்று, அகற்றப்படும் காலத்தை எட்டியுள்ளன.

தாளுக்குப் பின்னால் ஈரம் தங்கினால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பா 19ஆம் நூற்றாண்டில் கடும் விலை கொடுத்துக் கற்றது. 1775இல் ஷீலே என்னும் வேதியியலாளர் உருவாக்கிய பச்சை நிறமியில் ஆர்செனிக் இருந்தது. அந்நிறமி பூசிய தாள்கள் ஓதமான அறைகளில் இருந்தபோது பூஞ்சணம் படர்ந்து, நச்சு வாயு வெளிப்பட்டது. இன்றைய தாள்களில் அந்நிறமி இல்லை, அச்சம் வேண்டியதில்லை. ஆனால் தாள், பசை, ஈரம் மூன்றும் சேர்ந்த இடத்தில் பூஞ்சணம் வளரும் என்ற உண்மை மாறவில்லை. இளைப்பு உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் பூஞ்சணமே போதிய துன்பம் தரும்.

மேலேயே வண்ணம் பூசலாமா?

இது எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. தாள் எங்கும் உப்பாமல் இறுகப் பிடித்திருந்து, சுவரும் உலர்ந்திருந்தால் சிலர் அவ்வாறு பூசுவதுண்டு. எனினும் நாம் அதைப் பரிந்துரைப்பதில்லை. காரணங்கள் மூன்று.

முதலாவது, இன்றைய உட்சுவர் வண்ணங்களில் பெரும்பாலானவை நீர் கலந்தவை. சுவர்த்தாளை ஒட்டும் பசையும் பெரும்பாலும் நீரில் கரைவதே. வண்ணத்தின் நீர் தாளுக்குள் இறங்கிப் பசையை இளக்கினால், ஆங்காங்கே கொப்புளங்கள் எழும். இரண்டாவது, இரு தாள்கள் சேரும் இணைப்புக் கோடுகள் வண்ணத்துக்கு மேலும் தெரியும். மூன்றாவது காரணமே முதன்மையானது. சுவரில் ஓதம் இருந்தால், அதை இன்னொரு படலத்தால் மூடிவிடுகிறோம். நோயைக் குணப்படுத்தாமல் போர்வையால் மூடுவது போன்றது அது.

முதலில் அறிய வேண்டியவை

வேலையைத் தொடங்குமுன் தாளின் வகையையும் சுவரின் வகையையும் அறிய வேண்டும். கண்ணில் படாத ஒரு மூலையில், மழுங்கிய பட்டித் தகட்டால் தாளின் ஓரத்தைத் தூக்கி மெதுவாக இழுத்துப் பார்க்கலாம்.

முழுத் தாளும் கிழியாமல் துணிபோல் வந்தால் அது நெய்யாத இழைத் தாள். அதை உலர்ந்த நிலையிலேயே உரித்துவிடலாம். மேலே வழவழப்பான பிளாஸ்டிக் படலம் மட்டும் கழன்று, அடியில் மெல்லிய காகிதம் சுவரிலேயே நின்றால் அது வினைல் தாள். சிறிது சிறிதாகக் கிழிந்து வந்தால் அது வெறும் காகிதம். பின்புறம் பிசுபிசுப்பாக இருந்தால் அது ஸ்டிக்கர் வகை. அதற்கு நீர் பயன்படாது, வெப்பமே பயன்படும்.

அடுத்தது சுவர். பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளில் சிமென்ட் பூச்சின் மேல் பட்டி பார்த்திருப்பார்கள். அண்மைக் காலக் கட்டடங்களில் உட்சுவருக்கு ஜிப்சம் பூச்சு பரவலாகியுள்ளது. ஜிப்சம் நீர்பட்டால் இளகும் தன்மையுடையது. ஆகவே நீரை வாரி இறைக்கலாகாது. ஈரத் துணியாலோ கடற்பஞ்சாலோ ஒற்றினால் போதும். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் இடங்களில் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள். அங்கே சுண்ணாம்புக்கட்டியால் குறியிட்டுக்கொள்வது நல்லது.

அகற்றும் முறை

அறையில் உள்ள பொருள்களை நடுவில் சேர்த்துப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். தரையில் பழைய போர்வைகளை விரியுங்கள். சுவரை நனைக்கப் போகிறோம் என்பதால், அந்த அறைக்கான எம்.சி.பி.யை அணைத்த பிறகே சுவிட்ச் பலகைகளின் அருகே கை வைக்க வேண்டும். பலகைகளின் மேல் நீர் புகாதபடி ஒட்டுநாடா இடுவது அவசியம். இந்த ஒன்றில் மட்டும் அவசரம் கூடாது.

முதலில் உலர்ந்த நிலையில் உரிக்கக்கூடியதை எல்லாம் உரித்துவிட வேண்டும். தாளை நம்மை நோக்கி இழுக்காமல், சுவரை ஒட்டியவாறு கீழிருந்து மேலாக மெல்ல இழுத்தால் பூச்சு பெயராது. வினைல் தாளில் மேற்படலம் போன பிறகே நீருக்கு வேலை.

ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தைச் சில துளிகள் கலந்துகொள்ளுங்கள். கடற்பஞ்சாலோ தெளிப்பானாலோ மூன்று, நான்கு அடி அகலமுள்ள பகுதியை மட்டும் நனையுங்கள். 10 முதல் 15 நிமிடம் ஊறவிடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். ஊறுமுன் சுரண்டத் தொடங்குகிறார்கள். காகிதத்தோடு பட்டியும் பெயர்ந்துவிடுகிறது. பிறகு சுவர் முழுவதும் புதிதாகப் பட்டி பார்க்கும் செலவு சேருகிறது. காத்திருக்கும் அந்த நிமிடங்கள் பணம் மிச்சம் பிடிக்கும் நிமிடங்கள். ஊறிய பின் தகட்டைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் காகிதம் சுருண்டு வரும்.

ஸ்டிக்கர் வகைக்கு, தலைமுடி உலர்த்தும் கருவியைச் சிறிது தொலைவில் பிடித்துச் சூடாக்கி, இளகியதும் இழுக்கலாம்.

தாள் போன பிறகும் பசை இருக்கும். ஈரக் கையால் சுவரைத் தடவினால் வழுக்கும் இடமெல்லாம் பசை உண்டு. இதைக் கழுவாமல் பட்டியோ வண்ணமோ பூசினால், சில மாதங்களில் பொரிந்து உதிரும். வெதுவெதுப்பான நீரால் இரண்டு முறையும், நல்ல நீரால் ஒரு முறையும் துடைத்தெடுக்க வேண்டும். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தால் அது எளிதில் கரையாது. அங்கே உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதும், புதிதாகப் பட்டி பார்ப்பதும் தவிர்க்க முடியாதவை.

ஓதத்தின் மூலத்தைத் தேடுதல்

எங்கள் சுவரில் கறை தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை இருந்தது. கறை எங்கே இருக்கிறது என்பதே பாதி விடையைத் தந்துவிடும். கூரையை ஒட்டி இருந்தால் மேல்மாடிக் குளியலறையையோ மொட்டைமாடியையோ ஐயுறலாம். சன்னலின் கீழ் இருந்தால் வெளிச்சுவரின் விரிசலையோ சன்னல் இணைப்பையோ பார்க்க வேண்டும். தரையை ஒட்டி இருந்து, மறுபக்கம் குளியலறையும் இருந்தால், அதன் தரை இணைப்புகளும் கழிவுநீர்க் குழாய் வாயுமே முதல் ஐயத்துக்குரியவை. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். மேல்வீட்டாரைக் குறைசொல்ல இடமில்லை. குற்றம் எங்கள் குளியலறையில் இருந்தது.

ஐயம் தீர ஓர் எளிய சோதனை உண்டு. உலர்ந்ததுபோல் தோன்றும் சுவரில் ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளை வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டி, ஒரு நாள் அல்லது இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவர்ப் பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் மட்டும் துளிகள் இருந்தால், அறைக் காற்றில்தான் ஈரம் மிகுதி. சன்னலைத் திறந்து காற்றோட்டம் தருவதே மருந்து.

பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை மிகுதி. அப்போது தாளை அகற்றினால் சுவர் உலர நெடுநாள் ஆகும். ஆனால் கசிவு எங்கே என்பது தெளிவாகத் தெரியும். டிசம்பரில் தொடங்கிச் சில மாதங்கள் காற்று உலர்ந்திருக்கும். பட்டியும் வண்ணமும் பூச அதுவே ஏற்ற காலம். மழைக்காலத்தில் நோயைக் கண்டறிந்து, உலர்காலத்தில் மருந்திடுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

சுவரில் வெண்மையாக உப்பு பூத்திருந்தால் அதை நீரால் கழுவக் கூடாது; கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே இறங்கும். உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். பூஞ்சணம் ஊறிய பட்டியைச் சுரண்டி எடுத்துவிடுவதே சரி. அவ்வேளையில் முகக்கவசம் அணிந்து, அறைக் கதவை மூடி, சன்னலைத் திறந்துவையுங்கள். சலவைத்தூளின் குளோரின் கரைசலைப் பயன்படுத்துவோர், கழிவறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் அதனுடன் கலக்கக் கூடாது; நச்சு வாயு எழும்.

பட்டியும் வண்ணமும்

கசிவு நின்று, சுவர் முழுதும் உலர்ந்த பின்னரே அடுத்த வேலை. விரிசல்களை அடைத்து, இரண்டு முறை பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, ப்ரைமர் ஒரு முறையும் வண்ணம் இரண்டு முறையும் பூசுவது வழக்கம். ஒவ்வொரு படலமும் உலர்ந்த பிறகே அடுத்தது.

பழைய வீடுகளில் தாளின் அடியில் பழைய வண்ணம் இருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயம் 10 இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணத்தை, குறிப்பாக எண்ணெய் வண்ணத்தை, உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பலாகாது. நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைப்பதே பாதுகாப்பு. வேலை முடியும்வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு எப்படிப் போடுவது?

10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்று கொள்வோம். நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. பரப்பு 440 சதுர அடி. ஒரு கதவுக்கும் ஒரு சன்னலுக்கும் சுமார் 40 சதுர அடி கழித்தால் 400 சதுர அடி. வண்ணத்துக்கான மதிப்பீட்டில் இதைவிட மிகுதியான பரப்பு காட்டப்பட்டிருந்தால் கூரையும் சேர்ந்துள்ளதா என்று கேட்பது நம் உரிமை. மீண்டும் தாளே ஒட்ட விரும்பினால், பரவலாகக் கிடைக்கும் சுருள் ஒன்று ஏறத்தாழ 57 சதுர அடி. 120 சதுர அடிச் சுவருக்கு இரண்டு சுருள் போதாது, மூன்று வேண்டும். குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும் தாளைத் தவிர்ப்பது நலம்.

மதிப்பீட்டைத் தாள் அகற்றல், கசிவு நீக்கல், பட்டி, வண்ணம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்ற ஒற்றை வரி பின்னாளில் வழக்குக்கே இடம் தரும்.

கடன் தேவைப்படுவோருக்கு நாம் வலியுறுத்துவது ஒன்றே: முதலில் சுவரைத் திறந்து பாருங்கள், பிறகு மதிப்பீடு வாங்குங்கள், அதன் பிறகு விண்ணப்பியுங்கள். வண்ணம் பூச மட்டும் என்று எண்ணிக் கடன் பெற்றவர், பாதி வேலையில் கசிவைக் கண்டு, மீதிக்குக் கடன் அட்டையை நாடும்போதுதான் வட்டி கழுத்தை நெரிக்கிறது. வீட்டுக்கடன் ஏற்கெனவே உள்ளவர்கள் அதன் மேல் கூடுதல் கடன் கிடைக்குமா என்று முதலில் கேட்கலாம். தனிநபர்க் கடனைவிட அதன் வட்டி பொதுவாகக் குறைவு.

தவணைக் காலத்தையும் கருதுங்கள். எடுத்துக்காட்டாக, ₹2,00,000 கடன், ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டி என்று கொள்வோம். 3 ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் ₹6,548. மொத்த வட்டி சுமார் ₹35,700. அதையே 5 ஆண்டாக நீட்டினால் தவணை சுமார் ₹4,348ஆகக் குறையும். ஆனால் மொத்த வட்டி சுமார் ₹60,900ஆக உயரும். தவணை குறைவதைப் பார்த்து மகிழுமுன் மொத்த வட்டியையும் பாருங்கள். இந்திய ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவர அறிக்கை தரப்படுகிறது. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

வருமான வரிக் கணக்கைப் பொறுத்தவரை, பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக்காகப் பெற்ற கடனின் வட்டியில் ஆண்டுக்கு ₹30,000 வரை கழித்துக்கொள்ள இடமுண்டு. வீட்டுக்கடன் வட்டிக்கான ₹2,00,000 வரம்புக்குள் இதுவும் அடங்கும். வேலைக்கான இரசீதுகளையும் வங்கியின் வட்டிச் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டுக் காப்பீடு வைத்திருப்போரும் கவனிக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் வழங்கப்படும் பாரத் கிருக ரக்ஷா பாலிசி, குழாயோ தொட்டியோ வெடித்து அல்லது நிரம்பி வழிந்து ஏற்படும் சேதத்தை ஏற்கிறது. ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊறிய ஓதத்தை அவ்வகையில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. ஆகவே கசிவைத் தொடக்கத்திலேயே கண்டறிவதே உண்மையான காப்பீடு.

வாடகை வீட்டில் இருப்போர்

பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்தத் தொகையிலிருந்து சுவர்ச் சேதத்துக்காகப் பிடித்தம் செய்யப்படுவதும் உண்டு. ஆகவே குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும் தேதியுடன் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவையுங்கள். தாள் ஒட்டவோ அகற்றவோ எழுத்துவழி இசைவு பெறுங்கள். பழைய தாளின் பின்னால் ஓதம் தெரிந்தால் உடனே தெரிவியுங்கள். மறைத்தால் குற்றம் நம் தலையில் விழும்.

எங்கள் வீட்டில் இரண்டு நாள் வேலை ஐந்து வாரமாக நீண்டது. குளியலறைத் தரையைப் பெயர்த்துக் கசிவு நீக்கிய செலவு, வண்ணத்தின் செலவைவிட மிகுதி. தந்தையாரின் பயணத்தை இருமுறை தள்ளிவைத்தோம். "அப்படி என்னப்பா சுவத்துல இருக்கு?" என்று தொலைபேசியில் சலித்துக்கொண்டார். வந்த அன்று அறைக்குள் நுழைந்ததும் புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். பழைய காலத்தவர் ஓதம் பார்க்கும் முறை அது. பிறகு ஒன்றும் சொல்லாமல் தம் பையிலிருந்த சட்டைகளை எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினார்.

வீடு வாங்குவோரும் புதுப்பிப்போரும் அந்தப் புறங்கைச் சோதனையை நினைவில் கொள்ள வேண்டுகிறோம். அதற்குச் செலவு ஏதுமில்லை. கடன் தொடர்பான ஐயங்களுக்கு, மதிப்பீட்டுத் தாளுடன் தங்கள் கிளையை அணுகலாம்.